டூரிங் பைக்கின் ஹேண்டில்பார் மாற்றம்: விரல்கள் மரத்துப்போன ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர், உயரம் 170 செ.மீ. விடுமுறை கிடைத்தால் வண்டியின் இரு பக்கமும் பெட்டிகளை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிற பழக்கம் உள்ளவர். வண்டி இரட்டை சிலிண்டர் எஞ்சின் கொண்ட நடுத்தர டூரிங் மோட்டார் சைக்கிள், இன்னொருவரிடமிருந்து வாங்கியது. ஹேண்டில்பார் கம்பெனி கொடுத்ததுதான்: 22.2 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய், முனைக்கு முனை 810 மி.மீ. அகலம், ஏறக்குறைய நேரான கைப்பிடிகள்.

ஓட்ட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆனதும் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். இறங்கிக் கையை உதறினால் சரியாகிவிடும், மறுபடி ஏறினால் முன்பைவிடச் சீக்கிரம் வந்துவிடும். மதியத்துக்கு மேல் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு இறுக்கமும் முன்கைகளில் வலியும் சேர்ந்துகொள்ளும். இப்படிப் பல மாதங்கள் ஓட்டிய பிறகு, ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்ற முடிவோடு, அதன் அடியில் வைத்து உயர்த்தும் துண்டான ரைசர் ஒன்றை 30 மி.மீ. அளவில் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

“இதை மட்டும் போட்டுடுங்கண்ணே, சரியாயிடும்” என்றார். மெக்கானிக் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். “போடலாம் சார். ஆனா கை எப்படி வளையுதுன்னு ஒருவாட்டி பாத்துட்டுப் போடலாமே” என்று சொல்லி, உட்காரும் நிலையை அளந்து சரிசெய்கிற வேலையில் இருக்கும் என்னையும் கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தையால் இந்த வேலையின் போக்கே மாறியது.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். விரல் மரத்துப்போவது கழுத்து எலும்பில் இருந்தும் வரலாம், சர்க்கரை நோயாலும் வரலாம். வண்டியைக் காரணமாக வைத்துக்கொண்டு அதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. பரிசோதனையில் கழுத்திலோ சர்க்கரை அளவிலோ குறை எதுவும் தெரியவில்லை. உள்ளங்கையில் விழும் அழுத்தமே காரணமாக இருக்கலாம், அதைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

கையும் கையுறையும் காட்டியவை

எந்த விரல் மரக்கிறது என்பதே முதல் தடயம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால், மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருந்தால் அது நசுங்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் அல்நார் நரம்பு. அது முழங்கையின் உட்புறமாக வந்து, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமுள்ள மேட்டின் வழியாக விரல்களுக்குப் போகிறது. அந்த மேட்டில் தொடர்ந்து பாரம் விழுந்தால் இந்த இரண்டு விரல்களும்தான் மரத்துப்போகும். இவருக்கு நடந்தது இரண்டாவது வகை.

கையுறைகளை மேசையில் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் உள்ளங்கையின் நடுப்பகுதித் தோல் சொரசொரப்பு போகாமல் அப்படியே இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு நாணயம் அளவுக்கு மட்டும், தோல் பளபளவென்று தேய்ந்திருந்தது. கைப்பிடி ரப்பரும் அதே கதையைச் சொன்னது. உள்பக்கம் அச்சுக் கோடுகள் புதிதுபோல இருக்க, வெளிமுனையில் அவை அழிந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. உடலின் பாரம் உள்ளங்கை முழுவதும் பரவாமல் வெளி ஓரத்தில் மட்டும் விழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு அவரை உட்காரச் சொன்னோம். பக்கவாட்டில் இருந்தும் மேலே இருந்தும் படம் எடுத்தோம். பக்கவாட்டுப் படத்தில் பெரிய குறை இல்லை. முதுகு லேசாக முன் சாய்ந்திருந்தது, முழங்கையும் சற்று மடங்கியே இருந்தது. கையைக் கைப்பிடியிலிருந்து மெல்ல எடுக்கச் சொன்னபோது உடல் முன்னால் விழவில்லை. அதாவது சீட்டும் ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, ஹேண்டில்பாரின் உயரம் இங்கே முக்கியக் குற்றவாளி இல்லை.

மேலிருந்து எடுத்த படத்தில்தான் விஷயம் பிடிபட்டது. இவர் முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்து ஓட்டுபவர். 810 மி.மீ. அகல ஹேண்டில்பாரைப் பிடிக்க முன்கைகள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து போகின்றன. கைப்பிடியோ கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் இருப்பதால் அதைப் பற்றியதும் கை நேர் முன்னே பார்த்தாக வேண்டும். முன்கை வெளியே பார்க்க, கை முன்னே பார்க்க, மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக ஒடிந்து நிற்கிறது. அப்போது சுண்டுவிரல் பக்கத்து மேடுதான் கைப்பிடியைத் தள்ளும். கையுறையில் பார்த்த தேய்மானம் அதேதான்.

நேரான, அகலமான ஹேண்டில்பார் மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. கரடுமுரடான பாதையில் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்கைகளை அகல விரித்து ஓட்டுபவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அப்போது முன்கை வெளியிலிருந்து உள்ளே வரும், மணிக்கட்டு நேராகிவிடும். தார்ச்சாலையில் மணிக்கணக்காக உட்கார்ந்தே போகிறவருக்கு அந்த வளைவு வேறு மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் மாற்றாமல் சரிசெய்தவை

புதிய பொருள் வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிப்படுத்திப் பார்த்தோம். கிளட்ச், பிரேக் லிவர்கள் இரண்டும் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, மேலே தூக்கியபடி இருந்தன. விரலை லிவர் மேல் வைக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்க வேண்டியிருந்தது. முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்வரை லிவர்களைக் கீழே திருப்பினோம். ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, திருகும்போது இருந்த கனத்தைக் குறைத்தோம்.

அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை லேசாக ஓட்டுபவர் பக்கம் உருட்டிப் பார்த்தோம். கைப்பிடிகள் கிட்டே வந்தன. ஆனால் கூடவே தாழ்ந்தன, முனைகளும் கீழ்நோக்கிச் சாய்ந்தன. மணிக்கட்டின் பக்கவாட்டு ஒடிவு அப்படியே இருந்தது. குழாயில் உள்ள வளைவின் அளவை உருட்டி மாற்ற முடியாது. பழைய இடத்துக்கே கொண்டுவந்து இறுக்கினோம்.

இந்த அளவில் ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்தார். முன்கை வலி கணிசமாகக் குறைந்தது, சுண்டுவிரல் மட்டும் மாறவில்லை. இது எங்களுக்கு நல்ல செய்திதான், இனி வாங்கப்போவது எதற்காக என்பது தெளிவானது.

இயல்பான பிடியை அளந்தது

ஒரு சாண் நீளமுள்ள இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்து, கைக்கு ஒன்றாகக் கொடுத்தோம். வண்டியில் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தோள்களைத் தளர்த்தி, கைகளை அவை போகிற இடத்துக்கு நீட்டச் சொன்னோம். மேலிருந்து படம் எடுத்து, குழாய்த் துண்டுகள் நேர் குறுக்குக் கோட்டிலிருந்து எவ்வளவு பின்னே திரும்பியிருக்கின்றன என்று பாகைமானியால் அளந்தோம். சில முறை திரும்பச் செய்தும் ஒவ்வொரு கையும் 20 டிகிரியை ஒட்டியே நின்றது. இருந்த ஹேண்டில்பாரில் அந்த வளைவு சுமார் 10 டிகிரி. முஷ்டிகள் நின்ற இடம் கைப்பிடிகளைவிட ஏறக்குறைய 25 மி.மீ. உயரத்திலும் 30 மி.மீ. பின்னாலும் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமும் குறைவு. தூக்குக்குண்டு கட்டிய நூலும் ஒரு அளவுகோலும் இதற்குப் போதும்.

எல்லோரும் பேசுவது உயரத்தையும் கிட்டத்தையும்தான், கைப்பிடி திரும்பியிருக்கும் கோணத்தை யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் கோணமே முதலில் அளக்க வேண்டியது. உயரத்தில் 10 மி.மீ. கூடக்குறைய இருந்தால் முழங்கை மடங்கி ஈடுகட்டிவிடும். உட்கார்ந்து ஓட்டும்போது கோணம் தவறினால் ஈடுகட்டுவது பெரும்பாலும் மணிக்கட்டுதான்.

தேர்வு

ரைசரை ஏன் விட்டோம் என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது, கையில் வாங்கியே வைத்திருந்தாரே. நேரான 30 மி.மீ. ரைசர் ஹேண்டில்பாரைச் செங்குத்தாகத் தூக்காது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்விலேயே ஏற்றும். 26 டிகிரி சாய்வுள்ள வண்டியில் சுமார் 27 மி.மீ. மேலே போகும், 13 மி.மீ. பின்னே வரும். உயரத்துக்கு அது சரியான அளவு. ஆனால் அதே நேரான கைப்பிடி அதே கோணத்தில் கொஞ்சம் மேலே வந்து நிற்கும், மணிக்கட்டு ஒடிந்தபடியே இருக்கும். சுண்டுவிரலுக்கு ரைசரால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

குரூஸர் வண்டிகளில் இருப்பதுபோல நன்றாகப் பின்னே இழுத்து வளைத்த ஒன்றையும் பார்த்தோம். அதில் கோணம் அளவுக்கு மீறிப் போகிறது, மணிக்கட்டு எதிர்ப்பக்கமாக, சுண்டுவிரலை நோக்கி ஒடியும். தவிர, முழுதாகத் திருப்பும்போது உள்பக்கக் கைப்பிடி தொடையிலோ டேங்கிலோ இடிக்கும். பெட்டிகள் மாட்டிய கனமான வண்டியை மெதுவாக வளைக்கும் நேரத்தில் அப்படி இடிப்பது விழுவதற்கு வழி.

நடுவே கனமாகவும் முனையில் மெலிந்தும் இருக்கும் அலுமினியம் ஹேண்டில்பார் மூன்றாவது. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் 28.6 மி.மீ., கைப்பிடியில் 22.2 மி.மீ. நல்ல பொருள்தான். ஆனால் கிளாம்புகளை மாற்ற வேண்டும். சுவிட்ச் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு முளைக்காகக் குழாயில் துளை போட வேண்டிவரும், அலுமினியத்தில் துளை போடுவதை மெக்கானிக் விரும்பவில்லை. வண்டி சாய்ந்து விழுந்தால் இரும்பு பெரும்பாலும் வளைந்து கண்ணுக்குக் காட்டிவிடும். அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், விழுந்த பிறகு அதை மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

கடைசியில் எடுத்தது 22.2 மி.மீ. இரும்புக் குழாய்தான். அகலம் 770 மி.மீ., பின்வளைவு 20 டிகிரிக்கு அருகில், பழையதைவிட உயரம் 25 மி.மீ. கூடுதல், கைக்கு 30 மி.மீ. கிட்டே. இருந்த கிளாம்பும் கைப்பிடியும் சுவிட்சுகளும் அப்படியே பொருந்தும். ரைசர் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பொருத்தும்போது

டேங்க் மேல் கனமான போர்வையை விரித்து, எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசிவரை திருப்பிப் பார்த்தோம். வலப்பக்கம் முழுதாகத் திருப்பியதும் கிளட்ச் கேபிள் விறைத்தது. கேபிள் போகும் பாதையை ஒரு கொக்கி தள்ளி மாற்றியதும் தளர்ந்தது. எஞ்சினை ஓடவிட்டு இரு பக்கமும் திருப்பியபோது ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டர் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறவில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டால் வளைவில் வண்டி தானாக வேகமெடுக்கும், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பிரேக் ஆயில் போகும் குழாயான பிரேக் ஹோஸின் கதை வேறு. சென்டர் ஸ்டாண்டில் முன் சக்கரம் தரையில் இருந்தபோது போதுமான தளர்வு இருந்தது. முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கியதும் ஃபோர்க் முழுதாக நீண்டது, அந்த நிலையில் இடப்பக்கம் திருப்பியபோது ஹோஸ் நரம்பு புடைத்ததுபோல இழுபட்டு நின்றது. மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கினால் நடப்பதும் இதுதான். திட்டமிட்டிருந்த பயணத்துக்குச் சில நாட்களே இருந்தன, அவருக்கு அப்படியே போய்வர ஆசை. மெக்கானிக் ஒரே வார்த்தையில் மறுத்தார், நானும் அவர் பக்கம் நின்றேன். பயணம் தள்ளிப்போனது. 50 மி.மீ. நீளம் கூடிய, எஃகு வலை பின்னிய ஹோஸ் வரவழைத்து மாட்டி, டாட் 4 தரத்தில் புதிய பிரேக் ஆயில் விட்டு, காற்றை முழுதாக வெளியேற்றினோம். பிரேக் லிவரோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் கிண்ணம் புதிய வளைவில் சாய்ந்துவிடாமல் மட்டமாக இருக்கும்படி திருப்பி வைத்தோம்.

சுவிட்ச் பெட்டியின் முளையை அரத்தால் தேய்த்துவிடுவது பலர் செய்கிற வேலை. அப்படிச் செய்தால் ஆக்சிலரேட்டர் பெட்டி கையோடு சேர்ந்து சுழன்றுவிடக்கூடும். இரும்புக் குழாய் என்பதால் அளந்து குறித்து 5 மி.மீ. துளை போட்டு, விளிம்பின் பிசிறைத் தேய்த்து எடுத்தோம். கிளாம்பில் உள்ள புள்ளிக் குறி முன்பக்கம் பார்க்க வேண்டும், முன் போல்ட்டுகளை முதலில் இறுக்க வேண்டும் என்று இந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. அதில் கொடுத்த அளவுக்கே, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். இது வண்டிக்கு வண்டி மாறும், இன்னொரு வண்டியின் அளவைக் கடன் வாங்கக் கூடாது.

சாலையில் தெரிந்தவை

தள்ளிப்போன பயணத்தை அவர் பின்னர் போய்வந்தார். முழு நாள் ஓட்டத்திலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகவில்லை. தோள்பட்டை இறுக்கமும் பெரும்பாலும் விட்டுப்போனது, அகலம் குறைந்ததற்கு அதில் பங்கு உண்டு. சில மாதம் கழித்துக் கையுறைகளைப் பார்த்தேன். தேய்மானம் உள்ளங்கையின் குறுக்கே சீராகப் பரவியிருந்தது.

வேறு தொல்லைகளும் வந்தன. முதலாவது அதிர்வு. பழைய குழாயின் முனையில் உள்ளே மரை வெட்டிய, அதிர்வை அடக்கும் கனமான எடைக்கட்டி இருந்தது. புதிய குழாய் வெறும் கூடு, அதற்குக் கிடைத்த லேசான மூடிகளைத்தான் மாட்டியிருந்தோம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு அருகே வந்ததும், அதாவது விநாடிக்கு 83 முறை சுழலும்போது, கைப்பிடி கிர்ரென்று அதிர்ந்தது. அவர் நெடுஞ்சாலையில் ஓட்டுகிற வேகமும் அதுவே. குழாய்க்குள் விரிந்து பிடிக்கும் வகையான கனத்த எடைக்கட்டிகளைப் போட்டதும் அதிர்வு வேறொரு வேகத்துக்கு இறங்கி மெலிந்துபோனது. முற்றிலும் போகவில்லை, ஆனால் அந்த வேகத்தில் அவர் நிலைத்து ஓட்டுவதில்லை.

இரண்டாவது முதுகு. கை கிட்டே வந்ததால் உடல் நிமிர்ந்தது. நிமிர்ந்தால் நெஞ்சில் காற்று கூடுதலாக மோதும், சாலையின் அதிர்ச்சியும் நேராக இடுப்பில் இறங்கும். மாலையில் இடுப்பு வலிக்கிறது என்றார். ஹேண்டில்பாரில் ஒரு கோடு போட்டுவைத்து, மயிரிழை மயிரிழையாக முன்னே உருட்டினோம். கைப்பிடி 10 மி.மீ. அளவுக்கு முன்னே போனதும் உடல் லேசாகச் சாய்ந்தது, வலி குறைந்தது. விரல் மரப்பு திரும்ப வரவில்லை. கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சமரசம் தேவைப்பட்டது.

அகலம் குறைந்ததால் நெம்புகோல் பலமும் குறைந்தது. பெட்டிகள் நிறைய சுமையோடு மெதுவாகத் திரும்பும்போது திருப்புவது கனமாக இருந்ததாகச் சொன்னார், நாளடைவில் பழகிவிட்டது. கண்ணாடிகள் உள்ளே நகர்ந்து முழங்கையைக் காட்டின. நீட்டிப்புத் தண்டு போட்டு அதைச் சரிசெய்தோம். ஆக்சிலரேட்டரை நெடுநேரம் திருகிப் பிடிப்பதால் வலது கைக்கு வரும் களைப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எந்த வளைவும் தீர்க்காது.

அடுத்த முறை மாறுபவை

மேலிருந்து எடுக்கும் படமும் குழாய்த் துண்டுச் சோதனையும் இப்போது பட்டறையில் முதல் வேலையாகிவிட்டன. பொருள் வாங்கிவந்த பிறகு அளப்பதில்லை. ஹேண்டில்பாருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பழைய ஹோஸ், கேபிள்களின் தளர்வை ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில் அளந்து, தேவைப்பட்டால் நீளமானவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பயணம் தள்ளிப்போன நாட்களை இதனால் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

எடைக்கட்டியும் அப்படித்தான். பழைய முனை எடைகளை முதலில் தராசில் வைத்துப் பார்த்து, அதற்கு ஈடான கனத்தைப் புதியதிலும் முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அதிர்வால் வரும் மரப்பை வளைவின் குறை என்று தவறாக எண்ண நேரும். இவருக்கு எந்த விரல் மரக்கிறது என்று முன்பே குறித்து வைத்திருந்ததால்தான் அந்தக் குழப்பம் வரவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற முறையை மாற்றப்போவதில்லை. லிவரைச் சரிசெய்து தனியாக ஓட்டிப் பார்த்திருக்காவிட்டால் முன்கை வலி எதனால் போனது என்று தெரிந்திருக்காது. முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பின் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதிப்பதும் தொடரும். பழைய ஹேண்டில்பாரில் எதையும் வெட்டவில்லை, துளைக்கவில்லை. அதன் எடைகளோடு சுற்றி அவரிடமே கொடுத்துவிட்டோம். வண்டியை விற்கும் நாளில், முழங்கையை விரித்து நின்று ஓட்டுகிற ஒருவருக்கு அது பொருந்தலாம்.